மெதுவாய் வளரும் முகம்

அறிவியல்நகரில் இன்றும் மின்வெட்டு.
தண்ணீர்த்தொட்டி நாற்பதிலிருந்து முப்பத்தொன்றுக்குத்
தானாகவே இறங்கிவிட்டது.
பரவாயில்லை என்றேன்.
குளிர்வது மெல்லக் குளிர்ந்தால் சரி,
பளிங்குக்குச் சடுதிதான் பிடிக்காது.

நேசமலர் முகவைகளைக் கழுவிக் கவிழ்க்கிறாள்.
கிணற்றுத் தண்ணி வேண்டாம், சுண்ணாம்பு;
காய்ச்சி வடித்தது மட்டும்.
ஜன்னலையும் சாத்து.
கிளிநொச்சிச் செம்புழுதி உள்ளே விழுந்தால்
துகளுக்கொன்றாய் நூறு பளிங்கு பிறக்கும்,
ஒன்றும் பெரிதாகாது.

அஸ்பரஜின்.
ஒரே அணுக்கள், ஒரே பிணைப்புகள், உருவம் இரண்டு.
எங்கட கையைப் போல, என்று தொடங்கினேன்.
அவள் ஈரக் கையுறைகளைக் கழற்றி மேசையில் வைத்தாள்.
இரண்டும் இடது.
"பெட்டியில அப்பிடித்தான் வந்தது மிஸ்,
வலது ரெண்டும் ஆரிட்டயோ."

முதல் முகவையில் ஒன்றும் சேர்க்கவில்லை.
இடமும் வலமும் தனித்தனிப் பளிங்காய்
அருகருகே முளைத்துக் கிடக்கின்றன.
இரண்டாவதில் ஒரு சிட்டிகை
இடக்கை அஸ்பார்ட்டிக் அமிலம்.
மற்றெல்லாம் அச்சொட்டு அதே,
ஒரு நுனியில் மட்டும்
நைதரசன் இருக்கவேண்டிய இடத்தில் ஒட்சிசன்.

தான் யாரைப் போலிருக்கிறதோ
அவர்களிடம்தான் அது போகும்.
இடக்கைப் பளிங்கின் சுவரில்
சொந்தக் கல்லாக உட்காரும்.
அடுத்த கல் வந்து கை நீட்டும்போது
பற்றிக்கொள்ள அந்த நுனியில் ஒன்றுமிராது.
வரிசை அங்கேயே நிற்கும்.
வலக்கைப் பளிங்கில் இதற்கு இருக்கை இல்லை;
அது தன்பாட்டில் வளரும்.

"அப்ப, இடதைப் போட்டா வலது வரும்."
ஓம்.
"சொந்தம் போல வந்துதான் மறிக்கும்."
ஓம் என்றேன்.
அவள் முகவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றும் சொன்னேன்:
மறிக்கப்பட்ட முகம் சின்னதாகாது.
வேகமாய் வளரும் முகம் தன் வேகத்திலேயே
ஒடுங்கி, ஓரமாகி, இல்லாமல் போகும்.
மெதுவாய் வளரும் முகமே அகலும்.
வில்லையின் கீழ் நாங்கள் பார்க்கிற பரப்பெல்லாம்
தாமதித்த பரப்பு.

பின்னேரம் சொற்பட்டியல்.
பாடக்குறிப்பு தமிழில் வேண்டுமாம்.
பதினேழாவது சொல்: கைரலிற்றி.
கைத்தன்மை நீளம் என்று தோன்றியது,
கைம்மை என்று எழுதினேன்.
கை, அதன் தன்மை. இலக்கணம் இடம் தருகிறது.
வாசித்தும் காட்டினேன், கொஞ்சம் பெருமையாக.

நேசமலர் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.
"அந்தச் சொல்லை எனக்கும் தந்து பாத்தவை மிஸ்.
படிவத்தில ஒரு கட்டம்.
புள்ளடி போட்டாக் காசு வரும் எண்டவை.
அவர் பஸ்ஸில ஏறினதைக் கண்டனான்.
மற்றதை நான் காணேல்லை.
போடேல்லை."

கோடு இழுத்து அடித்தேன்.
அடித்த பிறகும் தெளிவாய் வாசிக்க முடிந்தது.
அதற்குமேல் இன்னொரு கோடு.

ஐந்தரைக்கு மின்சாரம் வந்தது.
இரண்டாம் முகவையில் வடித்தெடுத்ததைக்
கரைத்துக் குழாயில் ஊற்றி ஒளியை விட்டோம்.
வலப்பக்கம் திரும்பியது,
ஒரு பாகை கூட இல்லை, அதில் ஒரு கீற்று.
வெற்று நீரை வைத்துப் பார்த்தோம். பூச்சியம்.
திரும்ப இதை வைத்தோம். வலம்தான்.

"இது இனிக்குமோ?"
வலது இனிக்கும். இடதுக்குச் சுவையில்லை.
"எங்கட உடம்பில கிடக்கிறது?"
இடது.
அவள் சிரித்துவிட்டாள்.
இங்கே எதையும் வாயில் வைக்கக்கூடாதென்று
சுவரில் மூன்று மொழியில் ஒட்டியிருக்கிறது.

சீட்டில் திகதி போட்டாள்.
மாதிரி இரண்டு, வலம்.
பிறகு அந்த இடது கையுறைகளில் ஒன்றை
உள் வெளியாகப் புரட்டி
வலக்கையில் மாட்டிக்கொண்டு
மிச்ச முகவைகளைக் கழுவப் போனாள்.